சோக்கை எடுக்காத காலை

இன்று காலை சமையலறை ஜன்னல் வழியாகப் பெட்ரோல் நாற்றம் வந்தது. மாடியில் புதிதாகக் குடிவந்திருப்பவர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறார். மார்கழிப் பனியில் அது கிளம்ப மறுத்தது. அவர் உதைத்துக்கொண்டே இருந்தார். என் கை தானாக இடுக்கியைத் தேடியது. நீங்கள் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. என் கைக்கு அதை இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

உங்கள் வண்டி நம் கல்யாணத்துக்கு முன்பே வந்தது. அதனால் அதை எனக்கு மூத்தாள் என்பேன். வெயில் காலத்தில் சொன்னபடி கேட்கும். கார்த்திகை பிறந்து, பீர்க்கன்கரணை ஏரியிலிருந்து ஈரக்காற்று வரத் தொடங்கினால் மூத்தாளுக்கு முறுக்கு ஏறிவிடும். நீங்கள் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஜன்னல் கம்பி வழியாக நீட்டுவீர்கள். நான் இடுக்கியில் பிடித்து அடுப்பில் வாட்டிச் சூடாகத் திருப்பித் தருவேன். எங்கள் வீட்டில் கடுகுக்கு முன்னால் பிளக்கைத் தாளிக்கிறாள் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி என் மானத்தை வாங்கினீர்கள்.

குளிரில் கிளம்புவதற்காகப் பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கைக் கிளம்பியதும் எடுத்துவிடக் கூடாது, எஞ்சின் சூடாக வேண்டும் என்பீர்கள். வண்டியை ஓடவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து காபி குடிப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் சத்தம் கனத்து, கரும்புகை வரும். கையை நீட்டி சோக்கை எடுப்பீர்கள். சத்தம் சீராகும். அதைக் கேட்டுத்தான் நான் உங்கள் டிபன் பாக்ஸை மூடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டரையே கழற்றிவிட்டீர்கள். என் பாயசக் கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி ஒவ்வொன்றாகக் கழுவினீர்கள். சின்னப் பித்தளைத் துண்டு ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினீர்கள். பெட்ரோல் பாயும் ஜெட்டாம். அதன் துளையில் அழுக்கு அடைத்திருந்ததாம். இத்தனை வருஷம் பனிக்காலத்தில் நம்மைப் பாடாய்ப் படுத்தியது அதுதானாம். கிண்ணம் போன கோபத்தில் அன்று முழுக்க நான் உங்களோடு பேசவில்லை.

மறுநாள் ஒரே உதைதான். வண்டி கிளம்பிவிட்டது. ஜன்னலுக்கு வந்து நின்றீர்கள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா? இனிமே நீ பிளக் சுட வேணாம்."

காபியை வாங்கிக்கொண்டு போனீர்கள். சத்தம் கனத்தது. இன்னும் கனத்தது. "என்னங்க, சோக்க எடுங்க" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தேன். பதில் இல்லை. நேற்று நான் பேசாததற்கு இன்று வீம்பு என்று நினைத்துக்கொண்டேன். வண்டி இருமி இருமி நின்றது. கரண்டியும் கையுமாக வெளியே வந்தேன்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். டம்ளர் மடியில் கவிழ்ந்து, காபி பேண்ட் எல்லாம் வழிந்திருந்தது. அவ்வளவு சூட்டுக்கும் நீங்கள் அசையவில்லை. மாரடைப்பு என்று பிறகு டாக்டர் சொன்னார். தலையில் ஒரு நரை முடி இல்லை உங்களுக்கு.

அன்று நான் அழவில்லை. வந்தவர்களிடமெல்லாம், "ஒரே உதைல கிளம்பிடுச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தேனாம். பிற்பாடு உங்கள் தங்கைதான் சொன்னாள். நான் எதைச் சொல்கிறேன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லையாம். எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை. முந்தின நிமிஷம் ஜன்னலில் சிரித்த ஆள் எப்படி இல்லாமல் போக முடியும்?

மாடிக்காரரின் வண்டி இன்று ஒருவழியாகக் கிளம்பியது. நான் பாலை அடுப்பில் வைத்தேன். சத்தம் கனத்தது. இன்னும் கனத்தது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். வண்டி மட்டும் புகைந்துகொண்டு நின்றது. அவரைக் காணோம். குனிந்து சோக்கை எடுத்தேன். சத்தம் சீராயிற்று.

அவர் டிபன் பாக்ஸோடு மாடிப்படி இறங்கி வந்தார்.

"எங்க போனீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

"சாரிக்கா, சாப்பாடு எடுக்கத்தான் போனேன்" என்றார் பாவம், ஒன்றும் புரியாமல்.

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்தபோது பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. பரவாயில்லை. அந்தச் சத்தம் கனத்தால் என்னால் இனி உள்ளிருந்து குரல் கொடுக்க முடியாது. யார் வண்டியானாலும் ஓடித்தான் போவேன்.