விரலுக்குத் தெரியும் உருண்டைகள்

அன்புள்ள சுண்டெலிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன். அடிக்கடி போனில் பேசுகிற மனுஷன் திடீரென்று எதற்குப் பேனாவைப் பிடித்தான் என்று பயந்துவிடாதே, எல்லாம் நல்ல சேதிதான். போனில் சொன்னால் பாதியில் நான் நிறுத்திவிடுவேன், நீ அந்தப் பக்கம் என்னப்பா என்னப்பா என்று பதறுவாய். அது மட்டுமில்லை, இதில் ஒரு விஷயம் அம்மா உன்னிடம் சொல்ல வேண்டியது. அவளுக்கு வாய் வரவில்லை. "நீங்களே எழுதிடுங்க, எழுத்துன்னா அவ நிதானமா படிப்பா" என்று என் தலையில் கட்டிவிட்டாள்.

முதலில் நீ அனுப்பிய பார்சலுக்கு நன்றி சொல்லிவிடுகிறேன். பெற்ற பிள்ளைக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள், நான் சொல்லத்தான் போகிறேன். பார்சல் வந்த அன்று நீ வீடியோவில் கூப்பிட்டபோது அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை, நீயும் முகம் வாடிப்போய்ப் போனை வைத்துவிட்டாய். அவள் ஏன் வரவில்லை என்று சொல்கிறேன். கண்ணுக்கு ஊசி போட்டதில் நோய் மேலே முற்றாமல் நின்றதே தவிர, போன பார்வை போனதுதான். இரண்டு கண்ணிலும் நடுவில் ஒரு கறை, ஓரம் மட்டும் தெரிகிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் சட்டம் தெரியும், முள் தெரியாது. தலைமுடி மாதிரி மெல்லிசான நூலில் மேஜைவிரிப்பும் திரைச்சீலைக்கு ஓரமுமாக லேஸ் பின்னிக்கொண்டிருந்தவள் இல்லையா, டாக்டர் இவ்வளவுதான் என்று கைவிரித்த மறுநாளே குரோஷா ஊசிகளை டப்பாவோடு எடுத்துக்கொண்டுபோய் எதிர் வீட்டு டெய்லரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து பால்கனி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். நான் கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அந்த நிலைமையில் உன் பார்சல் வருகிறது, மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்து உள்ளே நூல் என்று நான் சொன்னதும் அவளுக்கு வந்ததே கோபம். "கண்ணு போனவளுக்கு நூலா? காலு போனவனுக்குச் செருப்பு வாங்கி அனுப்புற மாதிரி இருக்கு" என்று அதை அலமாரிக்கு அடியில் காலால் தள்ளிவிட்டாள். உன்மேல் கோபமில்லையம்மா, தன்மேல்தான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்சலை இழுத்துப் பிரித்துப் பார்த்தேன். அது என்ன நூலா, கயிறா! என் சுண்டுவிரல் தடிமன், தொட்டால் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று, கண்ணில் அடிக்கிற மஞ்சள். ஊசியோ மார்க்கர் பேனா அளவுக்கு இருந்தது. கூடவே குஷன் உறை பின்னுவது எப்படி என்று எங்கோ பார்த்துத் தமிழில் பெரிய பெரிய எழுத்தாக நீ கைப்பட எழுதிய காகிதம். உன் வேலைக்கு நடுவில் எத்தனை நாள் உட்கார்ந்து எழுதினாயோ. அதைப் படித்ததும் எனக்கு ஒரு ரோஷம் வந்துவிட்டது. ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன், ஒரு நூலை வளைத்து இழுக்க முடியாதா என்று சாப்பாட்டு மேஜையில் கடை விரித்தேன். முடியத்தான் இல்லை. சங்கிலி மாதிரி ஒன்று போட வேண்டுமாம், அதற்குள் ஊசியை விட்டு அடுத்த வரிசையாம். நான் போட்ட சங்கிலிக்குள் ஊசி என்ன, எறும்புகூட நுழையாது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்குவதும் முனகுவதுமாக இருந்திருக்கிறேன் போல, நாற்காலியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, "என்ன அங்க மல்யுத்தம் நடக்குது, இங்க கொண்டாங்க." கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். விரலால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இதுல உங்க லிஃப்டையே தொங்கவிடலாம், அறுந்தே போகாது" என்றாள். சுண்டெலி, சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பு. எனக்கு இருப்புக்கொள்ளாமல், தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய் நின்றுவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் என் முடிச்சையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு, முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, கை தன்பாட்டுக்கு ஓட, சங்கிலி போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து நம் வீட்டில் இதுதான் வேலை. நான் காகிதத்தைப் படிக்க, அவள் பின்ன. ஒரு வரிசை சாதாரணமாகப் போக வேண்டும், அடுத்த வரிசையில் இடைவெளி விட்டு விட்டு உருண்டை வைக்க வேண்டும். ஒரே ஓட்டைக்குள் ஊசியைத் திரும்பத் திரும்ப விட்டு, பாதி பாதியாக நிறுத்தி, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இழுப்பு இழுத்தால் நாவல்பழம் மாதிரி ஒன்று புடைத்துக்கொண்டு நிற்கிறது. முதல் உருண்டை பின்பக்கமாகப் புடைத்ததும் நான் தப்பு தப்பு என்று கத்தினேன். "அது அந்தப் பக்கந்தான் வரும், திருப்பிப் பாருங்க, எனக்கே சொல்லித் தர்றீங்களா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். மெல்லிசு நூலில் அவளுக்கு எண்ணிக்கை கண்ணில் இருந்தது. இந்த நூலில் விரலுக்கே தெரிகிறது. கட்டைவிரலால் தடவிக்கொண்டே போவாள், உருண்டை வந்தால் நிற்பாள், அதற்கு நேர் மேலே இல்லாமல் சற்று தள்ளி அடுத்ததை வைப்பாள். நீ இதையெல்லாம் யோசித்துத்தான் இவ்வளவு தடிமனாக வாங்கினாய் என்பது எங்கள் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

இப்படியே பாதிக்கு மேல் பின்னியாயிற்று, அளவு பார்க்கலாம் என்று குஷன்மேல் விரித்தேன். கீழே குஷன் அகலத்துக்கு ஆரம்பித்து மேலே கழுத்து டை மாதிரி குறுகிக்கொண்டே போயிருந்தது. ஒவ்வொரு வரிசையிலும் ஓரத்தின் கடைசித் தையல் அவள் விரலுக்கு அகப்படாமல் விட்டுப்போயிருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை, ஆனால் அவள் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். அப்படியே சுருட்டி என் மடியில் வைத்துவிட்டு, "போதுங்க, ஆசைப்பட்டதே தப்பு" என்று எழுந்து போய்விட்டாள். இரண்டு மூன்று நாள் வீடு பழையபடி ஆகிவிட்டது. நான் சமைத்ததில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டாள். அதைவிடப் பயம் எனக்கு வேறெதுவும் இல்லை.

பிறகு ஒரு சாயங்காலம் அவளாகவே, "நூலை வீணாக்க வேண்டாம், பிரிச்சுச் சுத்தி வெப்போம்" என்றாள். நான் பிரிக்க அவள் உருண்டையாகச் சுற்ற, எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம் இதுதான், நிதானமாகப் படி. சுற்றிக்கொண்டே சொன்னாள், "சுண்டெலி நேர்ல வந்து நின்னாலும் அவ முகம் எனக்குத் தெரியாதுங்க. முடி தெரியும், காது தெரியும், நடுவுல ஒண்ணுமே இருக்காது. போன்ல வீடியோவுல வந்தா நான் எங்கயோ பாக்கறது அவளுக்குத் தெரிஞ்சுபோயிடும். அங்க ஒத்தையில உக்காந்து அழுவா. அதனாலதான் நான் வர்றதில்ல." நான் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தேன். ஊசி போட்ட சமயத்தில் லீவு கிடைக்காமல் நீ வரமுடியாததால் அம்மாவுக்கு உன்மேல் வருத்தம் என்று நீயாக நினைத்துக்கொண்டு எத்தனை தடவை என்னிடம் கேட்டாய். ஒரு கடுகளவும் இல்லையம்மா. உன்னை அழவைக்கக் கூடாது என்று அவளும், அவளை நோகவைத்துவிட்டோம் என்று நீயும், நடுவில் நான் ஒரு மத்தளம்.

கடைசி நூலும் பிரிந்து முடிந்ததும் மனசில் இருந்தது இறங்கியதாலோ என்னவோ, "வீட்ல ஊக்கு இருக்கா?" என்று கேட்டாள். ஒரு கொத்தே எடுத்துவந்து கொடுத்தேன். முதலிலிருந்து மறுபடியும் பின்ன ஆரம்பித்தாள். வரிசை திரும்புகிற இடத்தில், கடைசித் தையலில் ஒரு ஊக்கு. அடுத்த ஓரத்தில் இன்னொன்று. பின்னிக்கொண்டே வருகிற விரலில் ஊக்கு இடித்தால் அதிலும் ஒரு தையல் போட்டுவிட்டுத்தான் திரும்புவாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளே யோசித்தது. இரண்டாவது தடவை ஓரம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி வந்தது. நீளமாகப் பின்னி, கடிதஉறை மாதிரி மடித்து, இரண்டு பக்கமும் இணைத்து, பின்னால் என் பழைய கோட்டிலிருந்து கழற்றிய பெரிய பொத்தான்களை வைத்துத் தைத்தாயிற்று. டெய்லரம்மா பார்த்துவிட்டு, "எதிர் வீட்டுல புதுசா கடை போட்டிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, போய் அந்த ஊசி டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள், ஒன்றுகூட அவள் எடுத்து உபயோகிக்கவில்லை. என்றைக்காவது அம்மா திருப்பிக் கேட்பாள் என்று காத்திருந்தாளாம். இப்படிப்பட்ட மனிதர்கள் எதிர் வீட்டில் கிடைக்க நாம் என்ன செய்தோமோ.

போன வாரம் கண் ஆஸ்பத்திரிக்கு மறுபரிசோதனைக்குப் போனோம். காத்திருக்கிற ஹாலில் நாற்காலியெல்லாம் இரும்பு, முதுகுக்கு என்று அம்மா அந்தக் குஷனையும் கூடவே எடுத்துவந்தாள். அடுத்ததை வேறு ஆரம்பித்திருந்தாள், அங்கேயும் கை சும்மா இல்லை. அங்கே பார்வை குறைந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி, உன் வயசுதான் இருக்கும், இவளையே கொஞ்ச நேரம் கவனித்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பின்னும்போது முகத்தை இந்தப் பக்கமா திருப்பிக்கறீங்களே, ஏம்மா?" என்று கேட்டாள். அம்மாவுக்கே தெரியவில்லை, அப்படியா என்றாள். விஷயம் என்னவென்றால், நேராகப் பார்த்தால் கறை மறைக்கிறது, முகத்தைச் சற்றுத் திருப்பினால் ஓரப் பார்வையில் உருண்டை தெரிகிறது. அதை அவள் கண்ணே தானாகப் பழகிக்கொண்டிருக்கிறது. "நாங்க மாசக்கணக்கா பழக்கித் தர்றதை நீங்க குஷன் பின்னியே பழகிட்டீங்க. இதே மாதிரி வீட்டுக்காரரைப் பாருங்க" என்றாள் அந்தப் பெண். அம்மா எனக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பினாள். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். பிறகு, "இதென்ன, மீசை இப்படி வெளுத்துப் போச்சு, ஒரு வார்த்தை சொல்லல?" என்றாள். ஹாலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள், எனக்குத்தான் மூக்கை உறிஞ்ச வேண்டியதாகிவிட்டது.

அதற்காகக் கண் வந்துவிட்டது என்று நீ தலைகால் புரியாமல் குதிக்காதே. எழுத்து படிக்க முடியாது, தெருவைத் தனியாகக் கடக்க முடியாது, அது அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் இந்த வீட்டில் மறுபடியும் பேச்சு இருக்கிறது, சண்டை இருக்கிறது, என் சமையலுக்குத் திட்டு விழுகிறது. எனக்கு இது போதும். இதற்கெல்லாம் பிள்ளையார்சுழி போட்டது நீ அனுப்பிய பார்சல். நீ நன்றாக இருக்க வேண்டும், கை வைத்த காரியமெல்லாம் துலங்க வேண்டும், நினைத்தது நடந்து மனசு நிறைந்து நீ பல்லாண்டு வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

ஒன்றே ஒன்று மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, அம்மா வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி உட்கார், முடியை முன்னால் விட்டுக்கொள்ளாதே. பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் உன்னை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்க்கிற மாதிரி இருக்கும். இங்கே பாரும்மா என்று மட்டும் சொல்லிவிடாதே. அப்போதுதான் அவள் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா