மூடுபனியில் நீங்கள் பேசியது

அக்கா,

இன்று காலை லாரியில் புது மணல் வந்து இறங்கியது. ஈர மணலின் வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. கோல்ஃப் மைதானத்தின் பங்கர்களை, பந்து விழுந்தால் ஆடுகிறவர் திணறவேண்டும் என்றே வெட்டிவைத்த அந்த மணல்குழிகளை, நாம் எத்தனை வருஷம் சேர்ந்து, பல்வைத்த ரேக்கால் வாரிச் சமன்படுத்தியிருப்போம்! இலங்கைத் தோட்டத்திலிருந்து சிறுமியாகப் பந்தலூருக்கு வந்து, கல்யாணமாகி வெலிங்டன் பக்கம் குடியேறியவர் நீங்கள். கோயமுத்தூரிலிருந்து வந்த எனக்கு முதல் நாளே, "பின்னாலயே நடந்து வாரணும் புள்ள. நம்ம கால்தடமும் மிஞ்சக் கூடாது" என்றீர்கள்.

சோலைக்காட்டை ஒட்டிய பெரிய பங்கரில் நடந்ததை நாம் யாரிடமும் சொன்னதில்லை. அன்று நீங்கள் குழிக்குள், காட்டுப் பக்கம் முகம் வைத்து, குனிந்து வாரிக்கொண்டிருந்தீர்கள். நான் உங்களுக்குப் பின்னால், மேலே புல்மேட்டில் நின்றிருந்தேன். எதிர்க்கரையில் காய்ந்த புல் அசைந்தது. புல் இல்லை, சிறுத்தை. படுத்தபடி உங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா, மேல வாங்க" என்று மெல்லக் கூப்பிட்டேன்.

"இரு, முடிச்சிட்டு வாரேன்."

அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. நீங்களும் தெரியவில்லை, அதுவும் தெரியவில்லை. மணலில் ரேக்கு இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. திடீரென்று அதுவும் நின்றது. பிறகு உங்கள் குரல், நிதானமாக: "கொஞ்சம் தள்ளி நில்லு புள்ள. வாரின மணல மிதிக்காத."

நான் குழிக்குள் இறங்கவே இல்லை, அக்கா.

மறுபடி ரேக்கு இழுபட்டது. உங்கள் முதுகு பனியிலிருந்து வெளிப்பட்டதும் கையைப் பிடித்து மேலே இழுத்தேன். "நீ எப்படி இங்க? முன்னால நின்னு மூச்சு விட்டுக்கிட்டிருந்தியே?" என்றீர்கள்.

பனி விலகியபோது எதிர்க்கரை காலி. வாரிய கோடுகளின் மேல் பாதத்தடங்கள் இறங்கி, நீங்கள் நின்ற இடத்துக்குக் கை நீட்டினால் தொடும் தூரம் வரை வந்து, அங்கே பக்கவாட்டில் விலகியிருந்தன. தள்ளித்தான் நின்றிருக்கிறது.

வெகுநேரம் பார்த்துவிட்டு, ரேக்கோடு திரும்ப இறங்கினீர்கள். "ஆபீஸ்ல சொல்லிரலாங்க்கா" என்று கெஞ்சினேன். "சொன்னா கூண்டு வப்பாங்க. சொன்ன பேச்சக் கேட்டுச்சுல்ல, விடு" என்று தடங்களை அழித்தீர்கள்.

நெஞ்சுச்சளி முற்றி நீங்கள் குன்னூர் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிப் பகலில், கட்டிலின் இடப்பக்கம் உட்கார்ந்து உங்கள் கையைப் பிடித்திருந்தேன். நீங்கள் வலப்பக்கம், ஆளில்லாத ஜன்னலோரம் முகத்தைத் திருப்பி, "தள்ளி நில்லு புள்ள" என்றீர்கள். பழகியவரிடம் பேசும் குரல். உங்கள் மகள் பயந்துபோய், "யாரச் சொல்றாங்க?" என்றாள். "என்னத்தான்" என்று சொல்லி, எழுந்து ஓர் எட்டு விலகி நின்றேன்.

இப்போது என்னோடு வாருகிறவளுக்கு என் வயசுதான். இன்று மணலைப் பரப்பும்போது பனி மூடிக்கொண்டது. "ஏனுங்க, அந்தக் காட்டோரக் குழிக்கு மட்டும் தனியா போறீங்களே, பயமா இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"தனியா எங்கீங்க போறேன்?" என்றேன்.

சிரித்தாள். யாரைச் சொல்கிறேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், உங்களையா அதையா என்று எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது. ரேக்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எதிரே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு, வாரத் தொடங்கினேன்.