நீ பிடித்த பெனால்ரி

உன்னுடைய பதினொரு தாள்களும் என் மேசையில் இருக்கின்றன. நீ வேலை செய்த பிறம்ரன் வெயர்ஹவுஸில் மிஞ்சிப்போன பொதிச்சீட்டுகளின் பின்பக்கத்தில் நீ எழுதியவை. முன்பக்கத்தில் யாரோ ஒரு கடைக்கு அனுப்பிய குளியலறைக் குழாய்களின் பட்டியல். பின்பக்கத்தில் நாங்கள் விளையாடாத இறுதிப் போட்டி. அவற்றை வைத்திருந்த பெட்டியைத் திறந்தபோது பொதி ஒட்டும் நாடாவின் பசை மணந்தது. வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வரும் நாட்களில் உன் குளிர்ச்சட்டையிலும் அந்த மணம்தான் இருக்கும்.

ஒன்பதாவது தாளில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தபோது எழுதியிருக்க வேண்டும்.

அந்தப் பருவம் எங்களைத் தவிர யாருக்கும் பெரிய விஷயமில்லை. கல்லூரிகளுக்கிடையிலான உதைபந்தாட்டத்தில் லீக் ஆட்டங்கள் முடிந்து நான்கு அணிகள் மிஞ்சின. எங்கள் கல்லூரியும் அதில் ஒன்று. அரையிறுதிக்கு நாள் குறித்த பிறகு சண்டை எங்கள் பக்கம் வந்தது. மைதானத்தில் இடம்பெயர்ந்து வந்தவர்கள் அடுப்பு மூட்டினார்கள். கிண்ணம் யாருக்கும் கொடுபடவில்லை. நான் வலது விங். நீ இரண்டாவது கீப்பர். அந்தப் பருவம் முழுக்க மாற்று வீரர்களின் வாங்கிலில் இருந்தாய், ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை. இடைவேளையில் எங்களுக்குத் தோடம்பழம் வெட்டித் தந்தாய்.

முப்பது வருடங்களுக்கு மேலாகி, விட்பியிலிருந்து பிறம்ரனுக்குத் தினமும் கார் ஓட்டிய காலத்தில்தான் அந்த மிச்ச ஆட்டங்களை நீ மனதுக்குள் விளையாடத் தொடங்கினாய். ஒருநாள் சப்பாத்தைக் கழற்ற முன்னமே சொன்னாய்:

"மச்சான், அரையிறுதி முடிஞ்சுது. பிக்கறிங்கிலை தொடங்கினது, எயார்போட் தாண்டேக்கை எக்ஸ்ட்ரா ரைம்."

"ஆர் வெண்டது?"

"பொறு, இன்னும் ரெண்டு பேருக்கு ஃபோன் எடுக்கவேணும்."

வேறு யாராவது என்றால் எங்கள் கல்லூரியை வெல்ல வைத்துவிட்டுக் கதையை முடித்திருப்பார்கள். நீ எதிரணிக்காரரைத் தேடிப் பிடித்தாய். யாருக்கு அந்த மாதம் காய்ச்சல், யாருக்குக் கணுக்கால் சுளுக்கு, மழை பெய்தால் எந்தப் பக்கக் கோல் வாசலில் தண்ணீர் நிற்கும், எல்லாவற்றையும் கேட்டாய். அவர்கள் ஒப்புக்கொள்ளாத எதையும் எழுதுவதில்லை என்று வைத்திருந்தாய். உன் இறுதிப் போட்டியில் எங்களை எதிர்த்து நின்ற நகரத்துக் கல்லூரியின் கீப்பர் இப்போது லண்டனில். என் வீட்டுச் சோபாவில் இருந்தபடியே ஸ்பீக்கரில் போட்டு அவரோடு கதைத்தாய்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. அந்த மாசம் உங்கடை தோள்மூட்டு எப்பிடி இருந்தது?"

"டேய், இண்டைக்கு எப்பிடி இருக்கெண்டே இஞ்சை ஒருத்தரும் கேக்கிறேல்லை. நீ அப்பத்தையைக் கேக்கிறாய்!"

நீ கண்ணில் நீர் வரச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்த நாட்களில் உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது என்பது உனக்குத் தெரிந்திருக்காது.

தெரிந்திருந்தால் நீயே சிரித்திருப்பாய். பழைய மாணவர் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் நான் தலைவர் பதவிக்குக் கேட்டேன். கையை உயர்த்தித்தான் தெரிவு. எனக்கு எதிராக நின்றவருக்கு உயர்ந்த கைகளில் உன்னுடையதும் இருந்தது. கார் நிறுத்துமிடத்தில் என்னைப் பிடித்து, "அந்தாள் எனக்குப் பக்கத்திலை இருந்தது மச்சான், முகத்தைப் பாத்துக்கொண்டு என்னெண்டு கையைக் கீழை வைச்சிருக்கிறது?" என்றாய். பரவாயில்லை என்றேன். பரவாயில்லை என்று நான் சொன்ன எதையும் நான் விட்டதில்லை. என் பட்டத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் திருப்பித் தந்த அலுவலகங்கள், என்னை அழைக்காத கல்யாண வீடுகள், எல்லாம் நாள் கிழமையோடு நினைவில் இருக்கின்றன. உன் கையும் அவற்றோடு போய்ச் சேர்ந்தது.

தலைவர் பதவிக்குப் பதிலாக ஆண்டு மலரின் ஆசிரியர் வேலையைத் தந்தார்கள். அந்த மலருக்குத்தான் நீ இந்தப் பதினொரு தாள்களையும் கொண்டுவந்தாய். இறுதிப் போட்டி, எங்கள் கல்லூரி ஒரு கோலால் முன்னிலை. அறுபதாவது நிமிடத்தில் முதல் கீப்பருக்குக் காயம், இரண்டாவது கீப்பர் இறங்குகிறார். கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்ரி. ஒன்பதாவது தாளில் நீ அதைப் பிடிக்கிறாய்.

நான் சிவப்புப் பேனையை எடுத்தேன். காயத்தை வெட்டினேன், உன் பெயரை வெட்டினேன், பெனால்ரியை முதல் கீப்பர் பிடித்ததாக மாற்றினேன். ஓரத்தில் எனக்கே ஒரு நியாயமும் எழுதினேன்: 'கற்பனைக்கும் ஆதாரம் வேண்டும்.' உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அன்று எனக்கு நல்ல நித்திரை வந்தது. அதையும் உனக்குச் சொல்ல வேண்டும்.

மலர் வெளியிட்ட சங்க இராப்போசனத்துக்கு நீ குடும்பத்தோடு வந்தாய். உன் மகள் அனிற்றா இங்கே பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுத்தான் வாசிப்பாள். நான் அடுத்த மேசையில் இருந்தேன். அவளுடைய விரல் உன் கட்டுரையின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் போயிற்று. மறுபடி மேலே வந்தது.

"அப்பா, உங்கட பேர் எங்க?"

நீ புத்தகத்தை வாங்கினாய். உன் கண் எந்த இடத்தில் நின்றது என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு மூடி அவளிடம் கொடுத்தாய்.

"இது முதல் பகுதி பிள்ளை. அப்பா வாறது மற்றதிலை. அது அடுத்த மலரிலை வரும்."

சாப்பாட்டுக்குப் போகிற வழியில் என்னிடம் வந்தாய். என் வாதங்களைத் தயாராக வைத்திருந்தேன். நீ என் தோளில் கை வைத்து, "அச்சு வடிவாய் வந்திருக்கு மச்சான். எழுத்துப்பிழை ஒண்டும் இல்லை" என்றாய். அவ்வளவுதான். அதன் பிறகு நீ எந்த ஆட்டத்தையும் பற்றிக் கதைக்கவில்லை. ஒருமுறை நானாகக் கேட்டதற்கு, "இப்ப காருக்கை றேடியோ கேக்கிறன்" என்றாய்.

போன மாரிக் குளிரில் உன் இதயம் நின்றது. கோயிலில் இரங்கலுரைக்கு என்னைத்தான் கேட்டார்கள். நீ ஒரு நேர்மையான விளையாட்டு வீரன் என்று, திருத்தமான தமிழில், நாலு பேர் பாராட்டும்படி பேசினேன்.

சென்ற சனிக்கிழமை மத்தியானம் அனிற்றா வந்தாள். முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு ஒரு சிறிய மலர் போடுகிறாளாம்.

"அங்கிள், அப்பான்ர ஸ்ரோறியின்ர செகண்ட் பார்ட் உங்களிட்ட இருக்கோ? நெக்ஸ்ட் புக்கில வரும் எண்டவர். அதுக்குப் பிறகு வந்த மூண்டு புக்கும் பாத்தன். இல்லை."

மூன்று மலர்கள். அந்த விரலோடு. இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லியிருந்தால் அவள் முதலாவது மலரில் வந்ததையே மறுபடி அச்சிட்டிருப்பாள். நீ உன் சொந்த நினைவு மலரிலும் வாங்கிலில் இருந்திருப்பாய். நான் எழும்பிப் பெட்டியை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன்.

"செகண்ட் பார்ட் எண்டு ஒண்டு இல்லைப் பிள்ளை. இதுதான் அவர் எழுதினது."

அவள் சத்தமாக வாசித்தாள். ஆறாவது தாளில் நிமிர்ந்து, "அங்கிள், உங்கட கோல்!" என்று சிரித்தாள். நான் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது தாளில் விரல் நின்றது.

"இது ஆர் வெட்டினது?"

"நான்."

"வை?"

"உண்மையிலை அப்பா அந்த வருஷம் ஒரு மட்ச்சும் விளையாடேல்லை. அதாலை."

அவள் யோசித்தாள். சரி என்பதுபோலத் தலையாட்டினாள். உன் மகள், யாரையும் உடனே பிழை சொல்லமாட்டாள். பிறகு ஆறாவது தாளைத் திரும்ப எடுத்தாள்.

"அப்ப இந்தக் கோல்? இதை நீங்கள் வெட்டேல்லையே. அந்த வருஷம் நீங்கள் எத்தின கோல் அடிச்சனீங்கள்?"

நீ ஒருநாளும் கேட்காத கேள்வி. கம்பத்தில் இரண்டு தரம் அடித்தேன். ஒருமுறை வெறும் வாசலுக்கு மேலாக அடித்தேன். உன்னைத் தவிர யாருக்கு அது ஞாபகம்?

"ஒண்டும் இல்லை" என்றேன்.

அவள் ஆறாவது தாளைக் கீழே வைத்தாள். ஒன்பதாவது தாளை என் பக்கம் தள்ளி, "நீங்கள் வாசியுங்கோ. கோட்டுக்குக் கீழ எனக்கு வடிவாத் தெரியேல்லை" என்றாள். வாசித்தேன். 'இரண்டாவது கீப்பர் இடப்பக்கம் பாய்கிறார். பந்து அவர் கைகளில். எழும்பி அதைத் தரையில் ஒருமுறை தட்டுகிறார்.' என் குரலில் அது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவள் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள்.

தாள்களைத் தொலைபேசியில் படம் எடுத்தாள். கோட்டை நீக்கித் தட்டச்சு செய்வதா, அப்படியே போடுவதா என்று என்னைக் கேட்டாள். கோட்டோடு போடச் சொன்னேன். யார் வெட்டியது என்பதையும் கீழே போடச் சொன்னேன். போகும்போது, "ஒரிஜினல் உங்களிட்டையே இருக்கட்டும் அங்கிள்" என்றாள். அது இரக்கமா தண்டனையா என்று தெரியவில்லை.

அவள் போன பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் பொடி எழுத்தில், யார் எதற்கு ஒப்புக்கொண்டார் என்று குறித்திருக்கிறாய். ஆதாரம் கேட்ட நான் அவற்றை அன்று வாசிக்கவேயில்லை. ஒன்பதாவதில், நான் எழுதிய சிவப்பு வரிக்கு அடியில், முதல் கீப்பரைப் பற்றி: 'நோர்வேக்கு ஃபோன் எடுத்தன். தனக்குக் காயம் எண்டு போடட்டாம், நீ இறங்கு எண்டான்.'

ஆறாவதில் இருப்பது: 'லண்டன் அண்ணை மாட்டன் எண்டார். தான் எங்கடை வலது விங்கிட்டை ஒருநாளும் கோல் வாங்கேல்லையாம். மூண்டு தரம் கெஞ்சினன். நாலாந்தரம், சரி, அவன் அடிக்கட்டும் எண்டார்.'