பாய் கடையில் கேட்ட பியானோ

உத்திரமேரூர்,
7 டிசம்பர் 1958

அன்பு மகளுக்கு,

கால் வீக்கத்தால்தான் சென்னைக்கு வரவில்லை. வேறு காரணம் தேடாதே. நம் ரேடியோ பழுது. பீர் முகம்மது பாய் கடையில் நாற்காலி போட்டு உன் கச்சேரியைக் கேட்டேன்.

"இன்னாம்மா, பாப்பா இன்னும் வாயே தொறக்கல?" என்றார் பாய்.

"அவள் பாட மாட்டாள், பாய். பியானோ வாசிப்பாள்."

"அப்ப பாடறதுக்கு வேற ஆள் வருமா?"

நான் ரேடியோ பக்கம் காதைச் சாய்த்தேன். உடைந்து கூடிய உன் இடது மணிக்கட்டுக்குச் சோதனையான இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. நீ மேடையேறக் கூடாது என்று டாக்டரும் நானும் சொன்னது அந்த இடத்துக்குப் பயந்துதான். சரியாக அப்போது மசூதியில் பாங்கு ஒலித்தது. பாய் வழக்கம்போல ரேடியோவை அணைத்துவிட்டார். அவர் கடை, அவர் தொழுகை. முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுபடி போட்டு, வால்வு சூடேறிச் சத்தம் வந்தபோது கைதட்டல் கேட்டது. அடங்கவே இல்லை.

"பாப்பா பாஸாயிட்ச்சிம்மா," என்றார் பாய்.

கைதட்டலை நம்பாதே என்று சிறு வயது முதல் உனக்குச் சொல்லி வந்தவள் நான். அன்று நம்பினேன்.

ஆனாலும் அந்த இடத்தை என் காதால் கேட்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வா. பூட்டி வைத்த உன் பியானோவைத் திறந்து, சுருதி சேர்க்க ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா