குத்தும்போது கேட்கிற கேள்வி

சுபகிருது, ஐப்பசி 20, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். காவிரியில் செம்மண் தண்ணீர். திருவானைக்காவலில் பஸ் ஏறும்போதே வேட்டி நனைந்துவிட்டது. தைலம்மைக்குப் பெட் கிடைத்தது. ஜன்னல் ஓரம். பக்கத்துப் பெட்டில் ஸ்ரீரங்கத்து மாமி ஒருத்தர், நல்ல வாய்.

வயிற்றுக் கட்டியை எடுத்தாக வேண்டுமாம். டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "தள்ளிப் போடாதீங்க பெரியவரே. உங்க சம்சாரத்துக்கு ரத்தம் போயிட்டே இருக்கு. இப்படியே விட்டா ஆபரேஷனைத் தாங்க மாட்டாங்க." முதலில் அவள் ரத்தத்தை எடுத்து என்ன வகை என்று பார்த்து, பொருந்துகிற பாட்டில் ஏற்பாடு செய்ய வேண்டும். எனக்கா தெரியாது? இதே கட்டிடத்தில் ரத்தம் எடுத்தே தலை நரைத்தவன்.

நான் ரிட்டையரான பிறகு அந்த வேலைக்கு வந்த சேவியர், ட்ரேயோடு வந்து நின்றான். தங்கமான பிள்ளை. தைலம்மை கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இவரு குத்துனா குத்திக்கிறேன். வேற யாரும் தொடப்படாது."

"ஐயா ரிட்டையர் ஆயிட்டாரும்மா."

"கையுமா ரிட்டையர் ஆயிருச்சு?"

மாமி சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. சட்டம் இடம் கொடுக்காது என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

நாளைக்கு: பன், சின்னச் சொம்பு, பழைய துணி, வெற்றிலை (நர்சுக்குத் தெரியாமல்).

21, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். இன்றும் அவள் கை நீட்டவில்லை. ஒரு நாள் போயிற்று.

சட்டம் என்று நான் சொன்னது பொய். கேட்டால் டாக்டரம்மா விட்டிருப்பார். போன ஆடியிலிருந்து வலது கை நடுங்குகிறது. சட்டைப் பொத்தானை இடது கையால் போடுகிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

இந்தக் கை மேல் அவளுக்கு என்ன திடீர் ஆசை? ரத்தம் தொட்ட கை என்று, வேலையில் இருந்த காலம் பூராவும் கொல்லைப்புற வழியாகத்தான் வீட்டுக்குள் வருவேன். புளியும் சாம்பலும் அங்கேயே வைத்திருப்பாள். தேய்த்துக் குளித்தாலும் கேள்வி போகாது. "கையக் கழுவிட்டு வந்தீங்களா?" சோற்றுப் பானையைத் தொட விட்டதில்லை. பிள்ளைகளுக்கு ஒரு வாய் ஊட்ட விட்டதில்லை. தெருவிலும் அப்படித்தான். கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர்கள் நான் எதிரே வந்தால் திரும்பிப் போய் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் புறப்படுவார்கள். பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

டீக்கடை ரேடியோவில் எல்லைச் சண்டைச் செய்தி. கூட்டம். காது கொடுக்க முடியவில்லை.

22, புதன்

காலையில் காப்பி வாங்கிப் போனேன். டம்ளரை நீட்டும்போது மறந்து வலது கையை நீட்டிவிட்டேன். போர்வையெல்லாம் காப்பி.

தைலம்மை டம்ளரைப் பார்க்கவில்லை. கையையே பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"ஆடியிலேர்ந்து."

"எங்கிட்ட சொல்லல."

"என்னத்தச் சொல்றது."

மாமிதான் மெதுவாகச் சொன்னார். "ஏண்டிம்மா, அந்தப் பிள்ளை பாட்டுக்கு ஒரு குத்து குத்திட்டுப் போகட்டுமே. பெருமாள் பாத்துப்பார்." தைலம்மை சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நான் கிளம்பும்போது சொன்னாள்: "நாளைக்கு அந்தத் தம்பியையே வரச் சொல்லுங்க."

வழக்கமான குரல் இல்லை அது. திட்டியிருந்தால் தேவலை.

23, வியாழன்

நல்ல மழை. இதை விவரமாக எழுதி வைக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவன் நான். பாட்டிலில் பேர்ச்சீட்டு எழுதிப் படிந்த எழுத்துதான், மெதுவாகத்தான் வரும்.

சேவியர் ரப்பர் குழாயைக் கட்டினான். அவள் கண்ணை இறுக மூடிக் கையை விறைத்துக்கொண்டாள். அப்படி விறைத்தால் நரம்பு உள்ளே ஓடிவிடும், அதுவும் ரத்தம் குறைந்த உடம்பில். முதல் குத்தில் வரவில்லை. சேவியருக்கு வேர்த்துவிட்டது. கால்மாட்டில் நின்றிருந்தேன். பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டது.

"அம்மாவுக்கு எந்த ஊரு?"

எல்லோரிடமும் நான் கேட்கிற கேள்வி அது. ஊர்ப் பெயரைச் சொல்ல வாயைத் திறக்கும்போது கை இளகும். அப்போது குத்துவேன்.

தைலம்மை கண்ணைத் திறந்தாள். "என்னது? எந்த ஊரா? பொண்ணு எடுத்த ஊரு மறந்து போச்சாக்கும்! மண்ணச்சநல்லூரு!"

"மண்ணச்சநல்லூர்ல எங்க?" அடுத்த கேள்வியும் தானாகவே வந்தது.

"ரைஸ்மில்லுக்குப் பின்னாடி. எங்கப்பா நெல்லு அவிக்கிறவரு. களத்துல நானும் அக்காவும் காலால துழாவி விடுவோம். ஒரு நா திடீர்னு மழை. ஆளாளுக்கு நெல்ல அள்ளுறாங்க. அந்நேரம் பாத்து ஒங்க வீட்டு ஆளுங்க பொண்ணு பாக்க வண்டில வந்து எறங்குறாங்க. மாப்பிள்ள வரலன்னு சொன்னாங்க. பொய்யி. நீங்க வந்திருந்தீங்க. வண்டிக்குப் பின்னாடி நின்னீங்க. நான் பாத்துட்டேன். நின்னுக்கிட்டு நீங்க என்ன பண்ணுனீங்க தெரியுமா..."

"முடிஞ்சுதும்மா" என்றான் சேவியர்.

பஞ்சைப் பார்த்தாள். "எப்பக் குத்துன?" சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். உடனே நர்ஸ் வந்து பார்வையாளர் எல்லாம் வெளியே என்று விரட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து யோசித்து யோசித்துப் பார்த்தேன். துறையூர் கண்ணம்மாள், பெருமாள் கோயில் கிணற்றடி வீடு, இடது கை. தொட்டியத்து வாழைக்காரர், கொல்லையில் பலா மரம். மணப்பாறை மாட்டுத் தரகர், குத்தும்போது முருகா என்றவர். நான் குத்தினவர்கள் சொன்னதெல்லாம் மனசில் இருக்கிறது. வண்டிக்குப் பின்னால் நின்று நான் என்ன செய்தேன் என்பது இல்லை. மழை கூட ஞாபகம் இருக்கிறது.

வந்தவர்களிடமெல்லாம் ஊர் கேட்டேன். அவளை ஒரு நாள் கேட்டதில்லை.

25, சனி

பொருந்துகிற பாட்டில் நேற்றே கிடைத்தது. காலையில் ஆபரேஷன். தலையை இறுகப் பின்னி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள், சின்னப் பெண் மாதிரி இருந்தாள். மீதிக் கதையைக் கேட்க வாயெடுத்தேன். இப்போது கேட்டால் கடைசி வார்த்தை கேட்டு வாங்குவது போல் ஆகிவிடும் என்று தோன்றியது. கேட்கவில்லை. தள்ளுவண்டி போன பிறகு, கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. மத்தியானம் வரை இப்படியே.

கட்டியை எடுத்துவிட்டார்கள். மூச்சு சீராக இருக்கிறது. அறைக்குள் விடவில்லை.

ஆனைக்கா கோயிலில் தேங்காய் உடைக்க வேண்டும். மறக்கக்கூடாது.

28, செவ்வாய்

வெயில். தைலம்மை எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள். கஞ்சி குடித்தாள். உப்பில்லை என்று மாமியிடம் ஒரு பாட்டம் குறை. மாமி தூங்கட்டும் என்று காத்திருந்தேன்.

"அன்னிக்கு வண்டிக்குப் பின்னாடி நின்னேன்னு சொன்னியே. நின்னு என்ன பண்ணுனேன்?"

"எந்த வண்டி?"

"பொண்ணு பாக்க வந்த வண்டி. மழை பேஞ்சுதுன்னியே."

என்னையே பார்த்தாள். கண்ணில் அந்த மழை நாள் வந்துபோன மாதிரி இருந்தது. பிறகு போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப? ஆரஞ்சுப் பழத்த உரிச்சிக் குடுங்க. கையக் கழுவிட்டு வந்தீங்களா?"

கழுவிவிட்டுத்தான் வந்தேன் என்றேன்.