ஆளில்லாத வீட்டுக்கு ஒரு ஹாரன்

இன்று காலை தாம்பரத்தில், மகன் வீட்டு மாடிக்குக் கீழே ஒரு லாரிக்காரர் ஹாரனை நீளமாக அழுத்திவிட்டுப் போனார். அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. ஹாரன் சத்தம் என்றால் எனக்கு இன்னும் நீங்கள்தான்.

எப்பேர்ப்பட்ட மனுஷன் நீங்கள்! மலைமேல் கூக்காலில் உங்கள் லாரியில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, வளைவில் ஹாரன் அடிக்கச் சோம்பல். ஆளில்லாத கட்டிடத்தைக் கண்டால் மட்டும் தவறாமல் இரண்டு அடி. மூடிக்கிடக்கும் டீக்கடை, கூரை போன செக்போஸ்ட், பைபாஸ் வந்ததும் படுத்துவிட்ட ஓட்டல், எதையும் விடமாட்டீர்கள். திண்டுக்கல்லில் அக்கா வீட்டுக்குப் போக உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வரும் நாட்களில் எனக்கு மானமே போகும்.

"யாருக்கு அடிக்கிறீங்க? பேய்க்கா?" என்பேன்.

"உள்ள ஆளு இருந்தா சந்தோஷப்படுவாங்கல்ல, புள்ள," என்பீர்கள்.

ஒருநாள் வத்தலக்குண்டு தாண்டி, இடிந்த ஒரு மில்லுக்குள்ளிருந்து ஆள் வந்தே விட்டார். மழைக்கு ஒதுங்கியிருந்த பெரியவர். "பஸ்ஸு வந்துருச்சோன்னு நெனச்சேன்யா," என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவரையும் ஏற்றிக்கொண்டு, திண்டுக்கல் வரைக்கும் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தீர்களே! முதலில் பற்றிக்கொண்டுதான் வந்தது. பிறகு நானும் சிரித்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் காரணம் சொன்னீர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்தக் கூலி வரிசை வீடுகளில், உங்கள் குடும்பம் ஆறு பேருக்கும் ஒரே காம்பரா. அறையைக் கடைசிவரை நீங்கள் காம்பரா என்றுதான் சொன்னீர்கள். இந்தியாவுக்குக் கப்பலேறப் புறப்பட்ட நாளில் உங்கள் அம்மா அதைக் கூட்டி மெழுகிவிட்டு, கதவைச் சாத்தாமலே கிளம்பினாராம்.

"பூட்டுனா காம்பரா ஏங்கிப் போயிரும்னு அம்மா சொல்லுச்சு, புள்ள. இப்ப அங்க யாரு இருக்காங்களோ..."

 

மலைமேல் நாயுடுபுரத்தில் நீங்கள் கட்டிய நம் வீட்டுக்கோ மூன்று காம்பரா. போன வாரம் மகன் அதைப் பூட்டிவிட்டு என்னைக் காரில் ஏற்றினான். "வருஷத்துக்கு ரெண்டு தடவ வந்து பாத்துக்கலாம்மா," என்றான். முட்டிவலியோடு அந்தக் குளிரில் தனியாக எத்தனை நாள் கிடப்பது? தலையாட்டிவிட்டேன்.

மலை இறங்கியதும் கண் சொருகியது. திறந்தால் ஒரு கட்டிடம். மூடித் திறந்தால் இன்னொன்று. செத்துப்போன பெட்ரோல் பங்கின் தூணில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். ரோட்டுக்காகப் பாதி அறுத்த வீடு ஒன்று. மாடிச் சுவரில் பச்சைப் பெயிண்டும் சாமி அலமாரியும் வெயிலில் கிடந்தன. ஒரு ஓட்டலுக்குள் வேம்பு வளர்ந்து ஜன்னல் வழியே கிளை விட்டிருந்தது. தூக்கமா, விழிப்பா? ஒவ்வொன்றிலும் நம் வீட்டு நீல ஜன்னல். உள்ளே நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மகனோ ஹாரன் அடிக்காமல் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.

திடுக்கிட்டு விழித்தேன். நம் வீடும் இப்படி ஆகிவிடுமே என்று பயந்துபோனேன்.

திருச்சி தாண்டி டீக்கு நிறுத்தியதும் ராணிக்குப் போன் போட்டேன். செடிக்குத் தண்ணீர் ஊற்ற நாங்கள் சாவி கொடுத்துவிட்டு வந்தது அவளிடம்தான். நம் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மூன்று பிள்ளைகளோடு நடுங்கிக் கிடப்பவள்.

"ராணி, வெரசா சாமானத் தூக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துரு. இன்னைக்கே அடுப்பப் பத்த வையி."

"என்னக்கா சொல்றீங்க! நீங்க திரும்பி வந்தா?"

"வந்தா எனக்கு ஒரு காம்பரா போதும்."

உங்கள் சொல் என் வாயில் தானாக வந்தது.

மகன் முகம் சுண்டிவிட்டது. "என்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"உங்கப்பாகிட்ட கேட்டுட்டேன்," என்றேன். டீ கிளாஸை டொக்கென்று வைத்துவிட்டுப் போய்க் காரைக் கிளப்பினான். கோபம்தான், இருந்துவிட்டுப் போகட்டும், என் பிள்ளைதானே.

இன்று பாலை இறக்கி வைத்துவிட்டு ராணியைக் கூப்பிட்டேன். அவள் ஹலோ சொல்வதற்குள் பின்னால் ஒரே ரகளை. "ஏலே, அது என் எடம்லே, எந்திரி!" நீங்கள் படுக்கும் ஜன்னலோரக் கட்டிலுக்குத்தான் சண்டையாம். "இருங்கக்கா, இதுகள ரெண்டு போட்டுட்டு வாரேன்," என்று போனை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். பாத்திரம் உருண்டது, கதவு படார் என்றது, ஒன்று அழுதது, மற்ற இரண்டும் சிரித்தன. அவள் திரும்பி வந்து, "யக்கா, இன்னுமா போன வைக்கல?" என்று கேட்கும்வரை நம் வீட்டைக் காதோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.