போலந்திலிருந்து வருவோர் கவனத்துக்கு

5 ஜனவரி 2025, ஞாயிறு

மருந்துக்கடைக்கு லீவு. மல்லிச்செடிக்குக் களையெடுக்க வரச் சொன்னாள் அம்மா. தலைவலி என்று படுத்துக்கொண்டேன். பதினோரு மணிக்கு மதன் அண்ணன் போன் பண்ணினான், தலைவலி போன இடம் தெரியவில்லை.

வருகிறார்களாம்! அண்ணன், அண்ணி ஹான்னா, அண்ணியின் அம்மா போஷெனா, மூன்று பேரும். போலந்திலிருந்து எம்.ரெட்டியபட்டிக்கு, எங்கள் வீட்டுக்கு, இருபத்தாறாம் தேதி. போஷெனா அம்மா இந்தப் பக்கமே வந்ததில்லை.

"அத்தைக்கு நம்ம ஊரப் பத்தித் தெரிய வேண்டியதெல்லாம் எழுதி அனுப்பு, சுகா. நெட்டுல தாஜ்மகாலுக்குத்தான் போட்டிருக்கான், ரெட்டியபட்டிக்கு இல்ல" என்றான் அண்ணன்.

என்னை விட்டால் யார் எழுதுவது?

6 ஜனவரி

அப்பாவிடம் அம்மா சொன்னாள். ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டே, "வந்த மனுசர வாங்கன்னு கேக்கத் தெரியாதவனா நான்? அவுகளக் கேப்பேன்" என்றார்.

"மதன?"

அப்பா குழைக்கட்டை இன்னும் இறுக்கி முடிச்சுப் போட்டார்.

எங்கள் பக்கம், வீட்டுக்காரர் 'வாங்க' என்று கேட்காத வீட்டில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். பத்து வருஷம் பேச்சு நின்றுபோக அந்த ஒன்று போதும். வீட்டில் சொல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்ட அண்ணன் போன ஆடியில் வந்தான். அப்பா கேட்கவில்லை. தெருவிலேயே இருபது நிமிஷம் நின்றான். அம்மா கையைப் பிடித்து இழுத்தும் படி ஏறவில்லை. வந்த காரிலேயே மதுரைக்குத் திரும்பிவிட்டான். அப்பனையும் மகனையும் ஒரே நுகத்தில் பூட்டலாம், அவ்வளவு பொருத்தம்.

அப்படி என்னதான் நெஞ்சுல வச்சிருக்காரு இந்த மனுசன்? பெத்த பிள்ளை இல்லையா? ஒரு வார்த்தைதானே — அதுக்குக் காசா பணமா?

இந்தத் தடவையும் அவன் தெருவிலேயே நின்றால் இனி வரவே மாட்டான். எனக்குத் தெரியும்.

9 ஜனவரி

அருப்புக்கோட்டை. கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து இங்கிலீஷில் எழுதி முடித்தேன். எழுதும்போதே சிரிப்பு தாங்கவில்லை.

தண்ணீர்: செம்பில் கொடுத்தால் வாங்கி ஒரு வாய் தொட்டுக்கொள்ளவும். குடிப்பது பாட்டில் தண்ணீராக இருக்கட்டும்.

சோறு: 'போதும்' என்றால் இன்னும் ஒரு கரண்டி என்று அர்த்தம். இரண்டு கையாலும் இலையை மறைக்கவும்.

பஸ்: ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டால் சீட்டு உங்களுடையது. கீழே விழுந்துவிட்டதோ என்று அடுத்தவர் கர்ச்சீப்பை எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம், கொலை விழும்.

சம்பளம் எவ்வளவு, ஏன் ஒரே பிள்ளை என்றெல்லாம் கேட்பார்கள். அக்கறைதான். கருவேல முள் எங்கும் கிடக்கும், கெட்டியான பூட்ஸ் கொண்டுவரவும்.

கடை முதலாளி அப்துல் கனி அண்ணன் பத்து வருஷம் சவூதியில் இருந்தவர். "போற ஊரு பாஷையில ஒரு வார்த்தையாச்சும் பழகிட்டுப் போகணும்மா" என்றார். சரி என்று கடைசியில் 'வாங்க' என்பதைச் சேர்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் போடுவது? யோசிப்பதற்குள் ஒருவர் இருமிக்கொண்டே சிரப் கேட்டு வந்துவிட்டார். 'ஹலோ மாதிரி' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

14 ஜனவரி, பொங்கல்

போஷெனா அம்மா வீடியோவில் "வாங்க, வாங்க" என்று சொல்லிக் காட்டினார். என்ன சுத்தம்! எனக்குக் கால் தரையில் இல்லை.

25 ஜனவரி

அம்மா இன்றைக்கு மட்டும் மூன்று தடவை வாசலைக் கழுவினாள். அப்பா சவரம் பண்ணிக்கொண்டார். நல்ல சகுனமா, இல்லை வெறும் சவரமா?

26 ஜனவரி, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பதினொன்றரைக்குக் கார் வந்தது. பாதி ஊர் எங்கள் வாசலில். முதலில் போஷெனா அம்மா இறங்கினார் — முழங்கால் வரை பூட்ஸ், கையில் ஐந்து ரோஜா. நேராக அப்பாவிடம் வந்தார். அப்பா தொண்டையைச் செருமி வாயைத் திறப்பதற்குள், கையைக் கூப்பி, "வாங்க" என்றார்.

அப்பாவை. அப்பாவின் சொந்த வாசலில் வைத்து.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹலோ மாதிரி! அடிப்பாவி சுகப்பிரியா, என்ன காரியம் பண்ணிவைத்தாய்?

அப்பா திகைத்து நின்றார். ஆனால் ஒருவர் வாங்க என்று கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய். "வாரேன்... வாரேன்" என்றது.

போஷெனா அம்மா விடவில்லை. அம்மாவைப் பார்த்து வாங்க, என்னைப் பார்த்து வாங்க, பக்கத்து வீட்டு இருளப்பசாமி மாமாவைப் பார்த்து வாங்க. கடைசியில் திரும்பிப் பார்த்தார். தெருவில் கார்க்கதவைப் பிடித்தபடி அண்ணன் நின்றான். அவனைப் பார்த்தும் "வாங்க!" என்று கையை ஆட்டினார்.

அண்ணன் அசையவில்லை. அப்பாவையே பார்த்தான்.

"என்னப்பா சங்கையா" என்றார் இருளப்பசாமி மாமா, "ஒன் வீட்டுக்கு வந்த சம்பந்தியம்மா ஊரையே கேக்குறாக. நீ மரம் மாதிரி நிக்கிற."

அப்பா முகம் எப்படியோ போயிற்று. கோபம் என்று பயந்தேன். பார்த்தால் உதடு துடிக்கிறது, சிரிப்பை அடக்குகிறார். "வாங்கம்மா" என்றார் போஷெனா அம்மாவிடம். "வாம்மா" என்றார் அண்ணியிடம். பிறகு தெருவைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"வாப்பா" என்றார். "வெயில்ல நிக்காத."

அண்ணன் படியேறினான். நான் அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

2 பிப்ரவரி

கிளம்பிவிட்டார்கள். எட்டு நாளில் ஒரு தடவைகூடப் போஷெனா அம்மா இலையை மறைக்கவில்லை.

9 மார்ச், ஞாயிறு

போஷெனா அம்மாவிடமிருந்து பதிலுக்குப் பட்டியல் வந்திருக்கிறது. 'ரெட்டியபட்டியிலிருந்து வருவோர் கவனத்துக்கு', முப்பத்தொரு குறிப்பு. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பூ கொடுத்தால் ஒற்றைப்படையில் கொடுக்கணும், இரட்டைப்படை சாவுக்காம்.

"நம்ம மொய்யி மாதிரி" என்றார். "அங்கயும் வெவரமானவுகதான் இருக்காக."

பிறகு கேட்டார்: "வாங்கங்கிறதுக்கு அவுக பாஷையில என்ன?"

ஜாப்ரஷாம் என்று சொல்லிக் கொடுத்தேன். சாயங்காலம் முழுக்க ஒவ்வொரு ஆடாகப் பட்டியில் அடைக்கும்போது ஜாப்ரஷாம், ஜாப்ரஷாம் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"அவுக வாசல்ல போயி நின்னதும், அவுக வாயத் தெறக்கிறதுக்கு முந்தி நான் சொல்லிருவேன்" என்றார்.

திருத்தவில்லை. நாளைக்கு ஒன்பது மணிக்கு மதுரையில் பாஸ்போர்ட் ஆபீஸ்.